இடது பக்கக் கதவு

"ஆஸ்பத்திரிக்குத்தான் போறார்னு நினைச்சு என் ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டு வந்தேன். நடுவழியில இங்க நிறுத்தச் சொல்றார். எதுக்குத் தெரியுமா? பாம்புக்கு வீடு கட்டணுமாம்!"

பின்னால் வந்த பெரியவரின் எதிர்வீட்டுக்காரி ச்சியூ-யிங், பட்டறைக்குள் நுழையும்போதே சத்தம் போட்டாள். அவள் கையில் வான்கோழிச் சோற்றுப் பொட்டலம் ஆடியது.

மெய்-யுன் ரம்பத்தை நிறுத்தினாள். பாம்பு, பல்லி வளர்ப்பவர்களுக்கு அளவெடுத்துக் கூண்டு செய்து தருகிற தச்சுக்காரி அவள். தைவானின் சியாயி நகரத்தில் இந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் இல்லை.

"அவர் சம்சாரத்துக்குப் பக்கவாதம் வந்து இன்னும் ரெண்டு மாசம் ஆகலை. ஒரு பக்கம் அப்படியே விழுந்துபோச்சு. பயிற்சிக்கு ரப்பர் பந்து குடுத்தா நர்ஸ் மேலேயே விட்டெறியறாங்க. இந்த நேரத்துல இவருக்குப் பாம்பு கேக்குது!"

அந்தப் பெரியவர் பெயர் லியாவ். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காதில் எதுவும் விழாதது மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முன்னாடி வளர்த்த பழக்கம் உண்டா மாமா?" என்று கேட்டாள் மெய்-யுன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாலு பாம்பு இருந்துது. கல்யாணத்தோட விட்டாச்சு. இப்ப மறுபடியும் ஆரம்பிக்கணும்."

"என்ன பாம்பு?"

லியாவ் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். "சோளப்பாம்பு. ஆரஞ்சு நிறம். விஷம் கிடையாது."

"நல்ல சாது. நூத்திருபது சென்டிமீட்டர் நீளம் போதும். எவ்வளவு உயரத்துல வைக்கணும்?"

"உட்கார்ந்தா கண்ணுக்கு நேரா வரணும்."

"ஓகோ, எழுந்துகூடப் பார்க்க மாட்டார் துரை!" என்றாள் ச்சியூ-யிங்.

"கண்ணாடிக் கதவு வலது பக்கந்தானே?"

"இடது பக்கம்."

"நீங்க இடது கைக்காரரா?"

"இல்லையே."

மெய்-யுன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"அப்புறம், அந்தக் கதவு முதல்ல வெண்ணெய் மாதிரி வழுக்கணும். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். அதுக்கு ஒரு திருகு வச்சுக் குடும்மா."

"மாசாமாசம் இறுக்கறதுக்கு அது என்ன இடுப்பு பெல்ட்டா மாமா? கதவு லேசா இருந்தா பாம்பு மூக்காலேயே தள்ளிக்கிட்டு வெளிய வந்துடும்."

லியாவின் முகம் வெளுத்தது. "வெளியே வருமா?"

"வரும். ஒரு கொக்கி போட்டா வராது."

"ரெண்டு போடு."

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில், மெய்-யுன் கூண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு லியாவின் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அவளுக்குள் கேள்வி முட்டிக்கொண்டிருந்தது. கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் படியேறினாள்.

முந்தின நாள்தான் லியாவின் மனைவி யூ-லான் வீடு திரும்பியிருந்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை மடியில் துணிபோலக் கிடந்தது. சூப் கொண்டுவந்திருந்த ச்சியூ-யிங், கூண்டைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினாள்.

"நாற்காலிக்கு இடது பக்கத்துல ஒட்டி வை," என்றார் லியாவ்.

மெய்-யுன் வைத்தாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. அத்தையைப் பார்த்துக்க வேண்டிய நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்த ஆசை?"

லியாவ் உள்ளே போனார். திரும்பி வரும்போது தரை துடைக்கும் குச்சியைக் கைக்கெட்டிய தூரத்துக்கு நீட்டிப் பிடித்திருந்தார். அதன் நுனியில் ஒரு துணிப்பை தொங்கியது. அவர் கண்கள் பாதி மூடியிருந்தன.

"கடைக்காரன் குடுத்தது. பிடி! சீக்கிரம் பிடிம்மா!"

மெய்-யுன் பையை வாங்கியதுதான் தாமதம். அவர் பால்கனிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் பாம்பைக் கூண்டுக்குள் விட்டாள். யூ-லானின் முகம் ஜன்னலிலிருந்து திரும்பியது.

"சோளப்பாம்பு!" கண்கள் அகல விரிந்தன. "பெண் பாம்பா? வாலைப் பார்த்தாத் தெரியும். கதவைத் திறயேன்!"

மெய்-யுன் இரண்டு கொக்கிகளையும் விடுவித்தாள். கதவில் கை வைக்கப் போனவளைப் பால்கனியிலிருந்து ஒரு அலறல் நிறுத்தியது.

"நீ திறக்காதே! அவ திறக்கட்டும்!"

யூ-லான் வலது கையை நீட்டினாள். எட்டவில்லை. திரும்ப முயன்றாள். அப்போதும் எட்டவில்லை.

மடியில் கிடந்த இடது கை அசைந்தது. நழுவியது. நாற்காலியின் கைப்பிடியில் ஏறி நின்று மூச்சு வாங்கியது. பிறகு ஒரு விரல் கண்ணாடியைத் தொட்டுத் தள்ளியது. கதவு வெண்ணெய்போல வழுக்கித் திறந்தது.

ச்சியூ-யிங் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்றைக்கு ஒரு விரலுக்குத் திறக்கிற கதவு, அடுத்த மாதம் இரண்டு விரலின் பலத்தைக் கேட்கும். அதற்கடுத்த மாதம் முழுக் கையையும் கேட்கும். மெய்-யுன்னுக்கு அந்தத் திருகு எதற்கென்று இப்போதுதான் புரிந்தது.

பாம்பு நாக்கை நீட்டி அந்த விரலை மோந்து பார்த்தது. மெல்ல மணிக்கட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டது. யூ-லான் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அண்ணே, உள்ளே வாங்க! உங்க பாம்பை வந்து பாருங்க!" என்று கூப்பிட்டாள் ச்சியூ-யிங்.

"அவர் பாம்பா? யார் சொன்னது?" யூ-லான் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "பாம்புன்னு பேரைக் கேட்டாலே மயக்கம் போட்டு விழற மனுஷன். இவரைக் கட்டிக்கத்தான் என்னோட நாலு பாம்பையும் தானம் பண்ணிட்டு வந்தேன்!"

பால்கனிக் கதவு மெல்லத் திறந்தது. லியாவ் கண்களை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தார்.

"யூ-லான், பாம்பு இல்லாத கை எது? அதை இப்படிக் குடு."