காதில் விழாத வரை

மொட்டையடித்த குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டித் தூக்கிக்கொண்டு யசோதா வெளியே வந்தபோது, அவள் தம்பி உதய் திறந்தவெளிக் குழாயடியில் சட்டை பேண்ட்டோடு நின்று தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மொட்டை போட்டது இவளுக்கா, உனக்கா? சட்டையக்கூடக் கழட்டாம என்னடா குளியல்?”

“மேலெல்லாம் ஒரே முடிக்கா,” என்றான்.

அதுவும் உண்மைதான். மொட்டை தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் நடந்தது. ஹம்சினி போட்ட ஆட்டத்தில் பாதி முடி அவன் சட்டைமேல்தான் விழுந்தது. நாவிதருக்கே ஓர் உதை கிடைத்தது. மனுஷர் சிரித்துக்கொண்டே வழித்தார்.

சனிக்கிழமை. சிம்மாசலம் மலையில் எள் விழ இடமில்லை. முந்தின நாள் வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இவர்களோடு ரயில் ஏறிய வங்காளிகள் பாதிப்பேர் இங்கேதான் நின்றார்கள்.

வேண்டுதல் என்னவோ திருப்பதிக்குத்தான். திருப்பதி என்றால் லீவு போட வேண்டும், இது வாரக்கடைசியில் போய் வருகிற தூரம், எந்த மலையில் நின்றாலும் பெருமாள் பெருமாள்தான் என்று ஊரில், டாக்குரியா வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிருஷ்ணமூர்த்தி வங்கியில் மேனேஜராக இருந்தவர். படுத்த பிறகும் அந்த மிடுக்கு மட்டும் எழுந்தே உட்கார்ந்திருந்தது.

போன வருஷமே நடந்திருக்க வேண்டிய மொட்டை இது. ஹவுரா பிளாட்பாரம்வரை வந்தாயிற்று. ரயிலும் வந்து நின்றது. அப்போது பார்த்துச் சித்தப்பா இறந்த சேதி உதயின் ஃபோனில் வந்தது. தாய்மாமனுக்கே தீட்டு என்றால் மொட்டை எங்கே? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

தம்பி போன துக்கத்திலும் அப்பா அன்று உதயைத்தான் பிடித்துக்கொண்டார். “காதுல விழுந்தாத்தான்டா தீட்டு. உன்னை யாரு ஃபோனை எடுக்கச் சொன்னது?”

இந்த முறை கிளம்பும்போது எல்லோரையும் கட்டிலருகே கூப்பிட்டார். “யாரு போனாலும் சரி, பேத்தி முடியை இறக்கிப் பெருமாள் கண்ணுல காட்டாம மலையை விட்டு இறங்கக் கூடாது.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்போடு இருமலும் வந்தது. அம்மா நெஞ்சைத் தடவிவிட்டாள்.

மொட்டைத் தலையைத் தடவிப் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் கிடப்பேன் என்றும் சொல்லியிருந்தார். நாளைக் காலையில் வீட்டில் இருப்பார்கள். ஒரே ஒரு ராத்திரிதான் என்று யசோதா மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஹம்சினி மாமனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். “மாமா, கோலே நாவ்.” தூக்கச் சொல்வதென்றால் அவளுக்கு எப்போதும் வங்காளம்தான் வரும்.

உதய் பின்னால் நகர்ந்தான்.

“மாமா ஈரம்டா செல்லம்.”

குழந்தை விடவில்லை. முழு ராத்திரியும் ரயிலில் அவன் தோளிலேயே தூங்கியவள். கையை நீட்டியபடியே அழுதாள். அவன் தொடவில்லை.

யசோதாவுக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் ஈரம் பட்டால் குழந்தை கரைந்தா போய்விடும்?

தரிசன டிக்கெட்டை உயர்த்திக் காட்டியபடி அவள் கணவன் ரஞ்சன் வரிசையிலிருந்து கூப்பிட்டான். உதய் மட்டும் அசையவில்லை. ஈரத் துணியோடு எப்படி வருவது, செருப்பையும் ஃபோன்களையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். அதற்கெல்லாம் கவுண்டர் இருக்கிறதே என்றாள். அவன் படிக்கட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் கைப்பையும் ஃபோனும் குளிப்பாட்டப் போனதிலிருந்து அவனிடம்தான் இருந்தன.

இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சோம்பல்படுகிறான் என்று திட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

உள்ளே ஒரு தூண் இருக்கிறது. கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டால் கிடைக்கும் என்பார்கள். நெரிசலில் அவளுக்குக் கிடைத்தது ஒரு நொடி. குழந்தையின் வேண்டுதலுக்காக வந்தவள், குழந்தைக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவை என்றுதான் கேட்டாள். கன்னம் தூணில் அழுந்த, பின்னால் வந்தவர்கள் பிடித்துத் தள்ளும்வரை கேட்டாள்.

அர்ச்சகர் கொடுத்த சந்தனத்தைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டாள். அப்பா நெற்றிக்குத் தனியாக மடித்து வைத்தாள். தம்பிமேல் இருந்த கோபமெல்லாம் அதற்குள் போய்விட்டது. அவனுக்கென்று கொஞ்சம் விரல் நுனியில் எடுத்துக்கொண்டாள்.

வெளியே படிக்கட்டு ஓரம் உதய் வெயிலில் உட்கார்ந்திருந்தான். சட்டை காய்ந்து விறைத்திருந்தது.

ஹம்சினி மறுபடியும் கையை நீட்டினாள். இந்தத் தடவை வாரி எடுத்துக்கொண்டான். அந்த மொட்டைத் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் எடுக்கவேயில்லை.

“இந்தாடா, பெருமாள் சந்தனம்.” யசோதா அவன் நெற்றிக்கு விரலைக் கொண்டுபோனாள்.

உதய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விரல் அந்தரத்தில் நின்றது.

கட்டிய துணியோடு தலை முழுகியவன். குழந்தையைத் தொடாமல் நகர்ந்தவன். வாசலோடு நின்றுகொண்டவன். இப்போது சந்தனமும் வேண்டாம் என்கிறான்.

“உதய், அப்பா...”

அவன் வாயைத் திறந்தான். யசோதா பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள். சந்தனம் அவன் உதட்டிலெல்லாம் அப்பிக்கொண்டது.

“இப்ப சொல்லாதடா. சாந்த்ராகாச்சி போய்ச் சேர்ற வரைக்கும் எங்கிட்ட சொல்லாத.”

அவள் கைக்குள்ளேயே, சரி என்று தலையை மட்டும் ஆட்டினான்.