மாதிரிச் சீட்டு

எம்.எல்.ஏ. இறந்துபோனதால் வந்த இடைத்தேர்தல். இரண்டு கட்சிகளுக்கும் மயிரிழைதான் வித்தியாசம் என்று ஊரெல்லாம் பேச்சு. கருத்துக்கணிப்பு எடுக்க வந்த சேந்தன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். மாதிரி வாக்குச்சீட்டில் ஒரு சின்னத்துக்கு நேரே டிக் அடித்து, மடித்து, பெட்டிக்குள் போட வேண்டும்.

வாசலில் துணி தேய்த்துக்கொண்டிருந்த பவளக்கொடி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சீட்டை வாங்கினாள். முதுகைக் காட்டி நின்று நெடுநேரம் யோசித்தாள். அவள் பெட்டியில் போட்ட பிறகுதான், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டியது சேந்தனுக்கு நினைவு வந்தது. கேட்டான்.

“இல்ல சார். நான் செத்துட்டேன்னு பேரை எடுத்துட்டாங்க. ரேஷன் கார்டோட மூணு தடவ போய் நின்னு பாத்துட்டேன்.”

“அப்ப உங்க சீட்டு கணக்குல வராதுக்கா.”

அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். எல்லாம் ஒரே மாதிரி மடிந்து கிடந்தன. எது அவளுடையது என்று தெரியவில்லை.

பவளக்கொடி இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டினாள். “மை வைங்க.”

“இதுக்கெல்லாம் மை கிடையாதுக்கா.”

சூட்டுத் தழும்பு ஏறிய அந்த விரல் மடங்கவில்லை. சேந்தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நகத்தின் மேல் கோடு இழுத்தான். முனை வழுக்கியது. மை பிடிக்கவில்லை.

“நல்லா அழுத்துங்க சார்,” என்றாள். “வலிக்காது.”