முழங்கால் ஸ்கேன்

பதினைந்து வருஷம் பெரிய கால்பந்து அணியொன்றில் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு, கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தவர் அவர். அன்று வகுப்பில் ஒரு முழங்கால் ஸ்கேனை வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

"ஆட்டக்காரருக்குப் பத்தொன்பது வயசு. இனிமே ஆடவே முடியாது. நான்தான் அந்த ஆட்டக்காரர்னு வச்சுக்கிட்டு, இதை எங்கிட்ட சொல்லுங்க."

முன்வரிசை மாணவி எழுந்தாள். "உங்க மூட்டு இன்னொரு அடி தாங்காது. ஆட்டத்தை விட்டுடுங்க."

"ஒரு ஊசி போடுங்க. ஒரே ஒரு மேட்ச் ஆடிக்கிறேன்."

"அப்புறம் நடக்கறதே கஷ்டமாயிடும்."

"ஆறு வயசுலேருந்து இதுதானே என் உசிரு?"

மாணவி கையை விரித்தாள். "இதுக்கு மேல எனக்கு வரல, சார். நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"நாப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். பட்டுனு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

"அப்ப இவருக்கும் அப்படியே சொல்லிடலாமே?"

ஸ்கேனைக் கழற்றி உறைக்குள் போட்டார்.

"மூணு நாளா முயற்சி பண்றேன், வாயே வரமாட்டேங்குது. காலையிலகூட எம்பொண்ணு ஷூவுக்குப் புது லேஸ் கோத்துக்கிட்டே, 'ரிப்போர்ட் வந்துருச்சாப்பா?'ன்னு கேட்டா. 'இன்னும் வரலம்மா'ன்னு சொல்லிட்டு இங்க ஓடி வந்துட்டேன்."