எதிர்த்தட்டில் மூட்டை

மூட்டையைவிட எடை குறைந்தவன் முதுகில் மூட்டை ஏற்றுவதில்லை என்பது அந்த அரிசிக் கிட்டங்கியின் வழக்கம். காசநோயில் இளைத்து, மருந்து முடித்து வந்த சூசை, வேலை கேட்டு மறுபடியும் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தான். எதிர்த்தட்டில் அரிசி மூட்டை தரையை விட்டு அசையவில்லை.

"பகலெல்லாம் டீயும் பீடியும், ராத்திரி குண்டாச் சோறும்னு கெடுத்த உடம்புல்ல!" என்றான் மேஸ்திரி இருளப்பன்.

"அதெல்லாம் அப்போ. இப்ப விடிஞ்சதும் முட்டை, மதியம் கொண்டக்கடலை, பொழுது சாயுமுன்னே சோறு," என்ற சூசையின் மனைவி லூர்து, உரித்த முட்டையொன்றை முழுசாக அவன் வாயில் திணித்தாள்.

"முழுங்கு மாப்ள, முழுங்கு!" கிட்டங்கியே கத்தியது.

தொண்டை ஏறி இறங்கியது. மூட்டைக்கு அடியில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது.