தானாகச் செய்த தவறு

"தானா செஞ்ச தப்பு முப்பத்திநாலு. நீ போட்டிருக்கிறது பத்தொன்பது. யார்கிட்ட கை நீட்டினே?"

தராசு இப்படிக் கேட்டது, ஆட்டத்தின் கணக்கைப் பதிகிற பெண்ணிடம்.

டென்னிஸ் அரங்கின் புள்ளிவிவர அறையில் தலைமை அதிகாரிக்குத் தராசு என்றுதான் பெயர். ஆண்கள் ஆட்டமோ பெண்கள் ஆட்டமோ, பெற்ற தாயே ஆடினாலும் ஒரு புள்ளி கூட்டிப் போடமாட்டார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எந்த மேட்ச்சின் கணக்கும் வெளியே போகும்.

அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆடுகளத்தின் ஓரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். தப்பு என்றால் அதில் இரண்டு வகை. எதிராளி நெருக்கியதால் வந்தது ஒன்று. யாரும் நெருக்காமல் தானாகச் செய்தது இன்னொன்று. எது எந்த வகை என்பது பொத்தானை அமுக்குகிறவர் முடிவு.

தராசு வீடியோவைத் திரும்ப ஓடவிட்டார்.

"பாரு, சும்மா வந்த பந்து. வலையில அடிச்சிருக்கா. இதைப் போய் எதிராளி நெருக்கினதுன்னு போட்டிருக்கே! போன மேட்ச்சிலேயும் இதே கூத்து. இந்த ஒரு பொண்ணுக்கு மட்டும் என்னம்மா சலுகை? சூதாட்டக்காரங்களா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்ப வாயைத் திறந்து சொல்லு. இல்லேன்னா அடையாள அட்டையைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு."

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. வந்தவர் அந்த வீராங்கனையின் அப்பா. பயிற்சியாளரும் அவரேதான். பின்னால் மட்டைப் பையுடன் மகள். முழங்காலில் கட்டு. ஜெயித்துவிட்டு வந்த முகம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"பேப்பர் ரெடியா சார்? தானா செஞ்ச தப்பு எத்தனை?"

"அதான் ஜெயிச்சாச்சே. என்ன அவசரம்?"

"ஜெயிச்சது கிடக்கட்டும் சார். தானா செஞ்ச தப்பு ஒவ்வொண்ணுக்கும் மைதானத்தைச் சுத்தி ஒரு ஓட்டம். இப்பவே ஓடணும். நான் எண்ணினா பெத்த பாசத்துல குறைச்சுடுவேன். உங்க பேப்பர்னா கல்வெட்டு."

"கால்ல கட்டு இருக்கே?"

"போன தடவை கட்டோடதான் ஓடினா. பாதியில மயங்கி விழுந்தா. தண்ணி தெளிச்சு மிச்சத்தையும் ஓட வச்சேன்ல!" பெருமையாகத்தான் சொன்னார்.

மகள் தரையைப் பார்த்தாள். பொத்தான்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீடியோ அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தராசின் பார்வை அதில் நிலைகுத்தியது. பந்து வலையில் விழுகிறது; அந்தப் பெண் திரும்பி அப்பாவின் நாற்காலியைப் பார்க்கிறாள். அடுத்த பந்தை அடிப்பதற்கு முன்னாலும் அங்கேதான் பார்க்கிறாள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று தராசு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். தட்டினார். பேப்பர் வந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்லையா? எப்படி சார்? முப்பது தாண்டும்னு நினைச்சேனே!"

"கல்வெட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மனுஷன் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். கதவு மூடும்போது அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பொத்தான்காரி மெல்லக் கேட்டாள். "சார்... நான்கூட பத்தொன்பதுன்னுதானே போட்டேன்?"

"அதான் தப்புங்கறேன்! நெருக்கினவன் வலைக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும்னு எந்த விதியில இருக்கு? நாளையிலேர்ந்து ஒழுங்கா எண்ணு."