இரண்டு பேருக்கான வீடு

சோலைமலை லோடு இறக்கிவிட்டு வந்தபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வக்கீல் நோட்டீஸ் கதவிடுக்கில் இருந்தது. வில்லாபுரத்தில் தண்ணீர்ப் பஞ்சம். இரண்டு பேருக்கு மேல் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடும்போதே வீட்டுக்காரர் துளசிராம் கறாராகச் சொல்லியிருந்தார். சோலைமலை நோட்டீஸோடு அவரிடம் போனான்.

"நானும் பஞ்சவர்ணமும்தானண்ணே இருக்கோம். மூணாவது ஆளு எங்க?"

"நீங்க வேலைக்குப் போனதும் ஒரு பெரியவரு குழாயடியில அம்புட்டுத் தண்ணியையும் ஊத்திக் குளிக்கிறாரு. என் கண்ணுல என்ன பூவா விழுந்திருக்கு?"

சோலைமலை அவரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். ஒரே அறை, ஒரே பாய். கொடியில் மட்டும் ஒரு ஈர வேட்டி தொங்கியது. சோலைமலை கைலிதான் கட்டுவான்.

"இது யாரோடது?" என்றார் துளசிராம்.

போன வீட்டிலும் இப்படிச் சொல்லித்தான் காலி செய்ய வைத்தார்கள். அதற்கு முந்தின வீட்டிலும் அதேதான். அவன் மனைவி பஞ்சவர்ணம் வேட்டியை மடித்துத் துணிமூட்டையில் வைத்தாள்.

மறுநாள் இருவரும் அவனியாபுரத்தில் வீடு பார்க்கப் போனார்கள்.

"எத்தன பேரு இருப்பீங்க? பெறகு சண்ட வரக் கூடாது" என்றார் வீட்டுக்கார அம்மா.

இன்னொரு தடவை சாமான் தூக்கச் சோலைமலைக்குத் தெம்பில்லை.

"மூணு பேரும்மா."

அந்த அம்மா அவர்களுக்குப் பின்னால் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்பக் கீழ்வீட்டையே எடுத்துக்கங்க. பெரியவரு மாடி ஏற மாட்டாருல்ல."