பச்சைத்தண்ணி

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பாதுகாப்பு அதிகாரி அதை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். பிறகு எதிரே நின்றவனைப் பார்த்தாள். கருவிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

ஏனென்றால் ஊதியவன் பச்சைத்தண்ணி.

கப்பலின் மேல்தளத்து பாரில் மது ஊற்றிக் கொடுப்பவன். பொழுதன்னைக்கும் ஊருக்கெல்லாம் தண்ணி ஊற்றினாலும் தான் குடிப்பது வெறும் பச்சைத்தண்ணி. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே ஒரு கணம் யோசிப்பான்.

பயணிகள் ஒரு தொகையைக் கட்டிவிட்டால் பயணம் முடியும்வரை வேண்டிய மட்டும் குடிக்கலாம். ஒரே அறையில் ஒருவர் கட்டினால் மற்றவரும் கட்டியாக வேண்டும். குடிக்காத மனைவிமார்கள் அந்தக் காசுக்குப் பழச்சாறாகவே குடித்துத் தீர்க்கப் பார்ப்பார்கள். அளவு மீறிப் போனவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, பார்த்து வாங்க சார் என்று அறைவரை கொண்டுபோய் விடுவார்கள்.

வேலை செய்கிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில் தனி பார். விலை மலிவு. ஆனால் யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஊதச் சொல்லலாம். அளவுக்கு மேல் காட்டினால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி அன்றைக்கே ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அதோடு கப்பல் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்த துறைமுகம் நாளைக் காலையில்.

“என்ன தம்பி இது? வாய் கொப்பளிக்கிற மருந்து ஏதாவது போட்டியா?”

“இல்லக்கா. குடிச்சேன்.”

அவள் நம்பவில்லை. எவனோ ஒரு பயணி வம்புக்கு ஊற்றிக் கொடுத்திருப்பான், இவனும் மரியாதைக்காக விழுங்கியிருப்பான் என்று நினைத்தாள். ஒரே ஒரு வழி இருந்தது. கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை ஊத வேண்டும், அதில் வருவதுதான் கணக்கு. கால் மணிக்குக் குறையக் கூடாது என்றுதான் விதி. கூடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவனை மூலையில் உட்காரவைத்து ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். வெளியே காத்திருந்தவர்களை ஒவ்வொருவராக, நிதானமாகக் கூப்பிட்டாள். சமையல்காரரிடம் பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தாள். நடனக்காரியின் கால் வீக்கத்தைக் குனிந்து பார்த்தாள். சலவைக்காரன் மூலையைப் பார்த்துவிட்டு, பச்சைத்தண்ணிக்கே ஏறிடுச்சா என்று சிரித்தான். அவனோடும் அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

நடுவில் இரண்டு தடவை பச்சைத்தண்ணி எழுந்து வந்தான், இப்போதே ஊதிவிடுகிறேன் என்று.

“பேசாம உட்காரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

எல்லோரும் போனபிறகு ஊதச் சொன்னாள்.

பச்சை விளக்கு.

மயிரிழையில் தப்பியிருந்தான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“பொழைச்சே, போ. இனிமே இந்த வேலையெல்லாம் வெச்சுக்காதே.”

அவன் போகவில்லை. கருவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னொரு தடவை ஊதலாமாக்கா?”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

இன்றைக்கு ஊதவேண்டியவர்களில் அவன் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் கூப்பிடாமல் தானே வந்து வரிசையில் நின்றிருக்கிறான்.

அவள் கதவைச் சாத்தினாள். என்னவென்று கேட்டாள்.

மனைவிக்குத் தலையில் கட்டி. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. லீவு கேட்டிருக்கிறான். வீட்டில் யாராவது இறந்தால் மட்டும்தான் நடுவில் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றாலும் வேறு ஆள் வரும்வரை ஒரு மாதம் இருந்தாக வேண்டுமாம்.

“நீங்க வர முடியலைன்னா பரவாயில்லைன்னு அவ சொல்றாக்கா. சண்டை போட்டாக்கூடத் தேவல.”

மத்தியானம் ஒளிந்து நின்று இரண்டு கிளாஸ் குடித்திருக்கிறான். உள்ளே போனதில் பாதி அப்படியே வெளியே வந்துவிட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் யாரைக் காப்பாற்றுவதற்காகப் பல்லையும் காலையும் விசாரித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது வாய் கசந்தது.

“வேலை போயிடும். அப்புறம் எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க. தெரியுமில்ல?”

“தெரியும்கா.”

மேல்தளத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. யாரோ கைதட்டினார்கள்.

“கீழ பார் தொறந்திருக்கும்,” என்றாள் அவள். “போய் இன்னும் ரெண்டு போட்டுட்டு வா. முதல்ல ஏதாவது சாப்பிடு. மெதுவா குடி, வாந்தி எடுத்துடாதே.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு, கிட்டத்தட்ட ஓடினான்.

அவள் புதிய ஊதுகுழாய் ஒன்றை உறையிலிருந்து பிரித்து, கருவியில் மாட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.